ஸ்டீரிங்கில் இல்லாத பொட்டு

சண்முகப்பிரியா தனக்கு நடந்ததை, பக்கத்து ஊரில் யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்லி முடித்தாள். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

தை மாதம் அவளும் கணவன் பூபதியும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஷோரூமில் பழைய சொகுசுக் கார் வாங்கினார்கள். ஷோரூமே அக்குவேறு ஆணிவேறாகப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்த வண்டி. ஆடியில் எருமப்பட்டிக்குப் போகும் வழியில் பூபதி அதைப் புளியமரத்தில் மோதினான். ஏர்பேக் விரியவில்லை. பூபதி பிழைக்கவில்லை.

வண்டியின் முன்பக்கம் மாட்டிய இரும்புக் கம்பித் தடுப்புதான் காரணம், மோதிய அடி ஏர்பேக்கின் சென்சாருக்கே போயிருக்காது என்று ஷோரூம்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மாடு குறுக்கே வந்தால் என்ன ஆவது என்று பயந்து அந்தத் தடுப்பை மாட்டச் சொன்னவள் பிரியா.

பக்கத்து நாற்காலியில் மாமனார் சென்னிமலை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கருமாதியன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "நீ மாட்டுன கம்பிதான் எம் பையன எடுத்துக்கிச்சு" என்றவர். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, மாமியார் மயிலம்மாளும் பேசவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

"நஷ்டஈடெல்லாம் வேண்டாங்க. கம்பியாலதானான்னு மட்டும் தெரியோணும்" என்றாள் பிரியா.

எதிரே இருந்த அறிவுச்செல்வி விபத்தில் சிக்கிய வண்டிகளை இன்சூரன்ஸுக்காக மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். நாமக்கல்லில் வண்டி விஷயத்தில் சிக்கல் என்றால் இன்றும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் கணவர் வேலுசாமி லாரி புக்கிங் ஆபீஸை மூடிய நாளிலிருந்து மனைவியோடு விசாரணைக்குக் கிளம்பிவிடுகிறவர்.

"செக்கிங்கே பண்ணியிருக்க மாட்டான் செல்வி. ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டே டிக் அடிச்சிருப்பான்" என்றார் வேலுசாமி.

"வண்டியப் பாக்காம தீர்ப்புச் சொல்லாதீங்க. மொதோ சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க."

நொறுங்கிய கார் எருமப்பட்டியில் ஒரு பட்டறையில் நின்றது. பிரியா கிட்டே போகவில்லை. உள்ளே டார்ச் வெளிச்சம் நகர்வதையும் வேலுசாமி உரக்க ஒப்பிப்பதையும் வாசலிலிருந்தே கேட்டாள். கியரில் பொட்டு, டேஷ்போர்டில் பொட்டு, குளோவ் பாக்ஸின் பிடியில் பொட்டு. சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து பிளாஸ்டிக்கின் வரிக்குள் இறங்கியிருந்தன.

"ஸ்டீரிங்ல?" என்றார் அறிவுச்செல்வி.

"அது சுத்தமா இருக்குது."

அறிவுச்செல்வி வெளியே வந்து, அந்தப் பொட்டெல்லாம் அவர்கள் வைத்ததா என்று பிரியாவிடம் கேட்டார். இல்லை, எலுமிச்சம்பழத்தில் ஏற்றியதோடு சரி, அவர்களிடம் வந்த பிறகு ஆயுதபூஜையே வரவில்லை என்றாள். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. ஏர்பேக் விளக்கு எப்போதாவது எரிந்துகொண்டே இருந்ததா என்றார். சாவி போட்டதும் எரியும், உடனே அணைந்துவிடும், எல்லா வண்டியையும் போல.

அவர் மெக்கானிக்கை அழைத்து ஸ்டீரிங்கின் நடு மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே பார்த்து, எதையோ எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு வண்டியின் முதல் சொந்தக்காரரான திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி செல்லமுத்துவுக்குப் போன் போட்டார். ஆயுதபூஜை கும்பிட்டுத்தான் வண்டியை ஷோரூமில் விட்டதாகவும், அதுவரை ஒரு கீறல்கூட விழவில்லை என்றும் அவர் சொன்னார்.

"பொட்டு எங்கிருந்துங்க ஆரம்பிப்பீங்க?"

"இதென்னங்க கேள்வி? ஸ்டீரிங்லதான் மொதோ பொட்டு. ரிக்கா இருந்தாலும் அப்படித்தானுங்க."

போனை வைத்ததும் வேலுசாமி, "இவந்தான் ஆளு. எங்கியோ மோதிட்டு மறைச்சு வித்திருக்கான்" என்றார்.

"அப்ப மோதிட்டு, ஸ்டீரிங்க மட்டும் உட்டுப்போட்டா பூசை பண்ணுனாரு? சித்த பொறுங்க."

மறுநாள் ஷோரூமின் கண்ணாடி அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வண்டியைப் பரிசோதித்த பிரபாகர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மேலாளர் யோகேஷ் எல்லோருக்கும் ஜூஸ் சொன்னான். யாரும் தொடவில்லை.

அறிவுச்செல்வி பிரபாகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பரிசோதித்த அன்று ஸ்டீரிங்கில் என்ன பார்த்தான்?

"குங்குமமுங்க. எம்பட வெள்ளைக் கையுறையெல்லாம் ஒட்டிக்கிச்சு. தொடச்சும் கறை போகல. ஆனா நாம்பாத்த அன்னைக்கு ஏர்பேக் இருந்துதுங்க மேடம், சத்தியமா."

"இருந்துது. நீங்க சொன்னதுல பொய்யில்ல" என்ற அறிவுச்செல்வி கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே மிளகுபோல ஒரு ரெசிஸ்டர், அதன் இரண்டு காலிலும் கறுப்பு டேப். "ஸ்டீரிங்குக்குள்ள ஏர்பேக்கே இல்ல. அதுக்குப் பதிலா இது இருந்துது. பேக் இருக்குதுன்னு வண்டியோட கம்ப்யூட்டர் நம்பிக்கும், வெளக்கும் ஒழுங்கா அணைஞ்சுரும். பிரபாகர் பாத்த மூடியில பொட்டு இருந்துது, பிரியா வாங்கறப்ப இல்ல. மூடி மாறுனது அதுக்கு நடுவுல. அது வரைக்கும் வண்டி இங்கதான் நின்னுது. செல்லமுத்துகிட்ட இல்ல. சாவி யாருகிட்டங்க?"

பிரபாகர் யோகேஷைப் பார்த்தான். யோகேஷ் மேசையைப் பார்த்தான்.

டெஸ்ட் டிரைவ் போனபோது ஒரு லாரியின் பின்னால் மோதிவிட்டதாக யோகேஷ் சொன்னான். அதில் பேக் வெடித்து விரிந்துவிட்டது. ஷோரூம் முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று வெளியே ஒரு பட்டறையில் முன்பக்கத்தைச் சரிசெய்து, வெறும் மூடியை மாட்டினான். சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்ததால் மறுபடி யாரும் பார்க்கவில்லை.

வேலுசாமியால் பொறுக்க முடியவில்லை. "இவ்வளவு பண்ணுனவன் மத்த பொட்டையும் வழிச்சுப் போட்டிருந்தா நாங்க எங்கடா கண்டுபிடிச்சிருப்போம்?"

"சாமிக்கு வெச்ச பொட்டுங்க" என்றான் யோகேஷ். "அதுல கை வெக்க மனசு வரலீங்க."

யோகேஷ் எழுந்து வந்து பிரியாவின் முன்னால் கைகூப்பி நின்றான். அவனைப் பார்க்கக் கோபம் வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. அவன் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நிறத்தில் இருந்ததைத்தான் பார்த்தாள்.

"பேக் இருந்திருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?" என்று அறிவுச்செல்வியிடம் கேட்டாள்.

"தெரியாது சாமி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா விரியறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. கம்பி இருந்தாலும் இல்லாட்டியும் அது விரிஞ்சிருக்காது. தப்பு உம்மேல இல்ல."

போலீஸுக்கு அறிவுச்செல்வியே போன் செய்தார். பிரியா வெளியே வந்து படியில் நின்றாள். கொஞ்சம் தள்ளி சென்னிமலை வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். கம்பியால் இல்லையாம், பிரியா மேல் தப்பில்லையாம் என்று அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். மறுமுனையில் மயிலம்மாளுக்குக் காது கேட்கவில்லையா, நம்பிக்கை வரவில்லையா என்று தெரியவில்லை.

பிறகு அவர் அவளிடம் வந்தார். முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

"உங்கத்தை பேசோணுங்கறா, சாமி."

பிரியா வாங்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில் மயிலம்மாள் மூச்சு விடுவது கேட்டது. ஓமலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.