வால் முதலில்

வீப்கே அந்த மியூசியத்தின் கதவைத் திறந்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. திங்கள் விடுமுறை நாள் என்பதால் பார்வையாளர்கள் யாரும் இல்லை. மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் ஊரையே விழுங்கியிருந்தது. எதிரே ரொட்டிக் கடையின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் வந்த இடுப்பு வலியோடு, ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி உள்ளே நுழைந்தவளை முதலில் வரவேற்றது ஒரு நாற்றம். மண்ணெண்ணெய் போல இருந்தது.

"ஏன் மூக்கைச் சுளிக்கிறீங்க, டாக்டரம்மா? எண்ணெய்க்கல்லு வாசனை. இந்த ஊர்ல பொறக்கிற குழந்தைக்கு மொத மூச்சே இதுதான்" என்றாள் வால்பர்கா. டிக்கெட் கிழிப்பதிலிருந்து தரை துடைப்பது வரை எல்லாம் அவள்தான். "புதுசா உடைச்சாத்தான் இவ்வளவு அடிக்கும்."

"இப்ப யாரு உடைக்கிறாங்க?"

வால்பர்கா சாவிக்கொத்தில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தாள். "யாருமில்ல. அவர் போனதிலேர்ந்து பட்டறை பூட்டித்தான் கெடக்கு."

அவர் என்றால் டாக்டர் ஓட்மார் ரீக்கர். சாகும்வரை இந்த மியூசியத்தின் காப்பாளர்; அவர் இடத்துக்குத்தான் வீப்கே வந்திருந்தாள். கல்லாகிப் போன எலும்புகளைத் தோண்டி ஆராய்வதில் ஜெர்மனி முழுக்கப் பெயர் வாங்கியவர். ரொட்டிக்காரரின் மகன். அப்பாவின் அடுப்புக்குக் கீழே பாவியிருந்த கல்லில் மீன் செதில் தெரிகிறது என்று அடுப்பையே பெயர்த்துப்போட்டு உதை வாங்கியவராம். ட்யூபிங்கனில் படித்துப் பட்டம் வாங்கித் திரும்பிய சில வருடங்களில் குவாரியிலிருந்து ஒரு பலகைக் கல்லைக் கொண்டுவந்தார். அதில் ஒரு தாய் மீன்பல்லி கிடந்தது. டால்பின் மாதிரி உடம்பும் நீண்ட மூக்கும் கொண்ட, அழிந்துபோன கடல் விலங்கு. அதன் வயிற்றிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் ஒரு குட்டி. பிரசவத்திலேயே தாயும் பிள்ளையும் கல்லாகிவிட்ட காட்சி.

ஊருக்கு அடித்தது யோகம். ரொட்டிக் கடைப் பையில் அந்தப் படம், ஓட்டல் பலகையில் அந்தப் படம், கிறிஸ்துமஸ் பிஸ்கட்கூட அந்த அச்சில். ரீக்கரைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. அவருக்குத் திருத்தும் வியாதி. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், பதிலுக்கு முன்னால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து, 'ச்ச்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, 'தப்பு.' மேயர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் திருத்தினார். பெற்ற தாயின் கல்லறையில் எழுத்துப்பிழை இருக்கிறதென்று தானே உளியோடு போய் உட்கார்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே ஓடினார்கள். ஒருநாள் பட்டறை மேசையில் முகம் கவிழ்ந்து செத்துக் கிடந்தார். மூக்கு நிறையக் கல்தூள். இப்படி ஒரு மனிதர் வாழ்ந்து தொலைத்த இடத்தில் நல்ல காற்று எங்கிருந்து வரும்?

ஆனால் வீப்கேவுக்கு இந்த வேலை உயிர். இத்தனை காலமும் வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம், ஊருக்கு ஊர் பெட்டி தூக்கும் பிழைப்பு. இதுதான் முதல் நிரந்தர வேலை. குழந்தையின் அப்பன் ஹாம்பர்க்கிலேயே நின்றுவிட்டான். தொட்டில் போட ஒரு வீடு, பிள்ளைக்கு ஒரு ஊர், இரண்டையும் இந்த மியூசியம்தான் தரவேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு, டாக்டரம்மா" என்றாள் வால்பர்கா சாவியைக் கொடுக்கும்போது. "அம்மா புள்ளை பலகைக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடியை மட்டும் கழட்டாதீங்க."

"தொடைக்கக்கூடவா?"

"தொடைக்கக்கூட."

வீப்கே சிரித்தாள். அன்று சாயங்காலமே அந்தக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். படத்தில் பலமுறை பார்த்ததுதான். படங்களெல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை. நேரில் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

குட்டியின் தலை வெளியே இருந்தது. வால் தாயின் வயிற்றுக்குள்.

மீன்பல்லி கடலில் வாழ்ந்தாலும் நம்மைப்போல் காற்றைத்தான் சுவாசித்தது. அதனால் ஒரு காலத்தில் இந்த ஊர் இருக்கும் இடத்தில் கிடந்த கடலில் குட்டிகள் வால் முதலில் வெளிவரும். தலை முதலில் வந்தால் மீதி உடம்பு வருவதற்குள் தண்ணீரில் மூச்சு முட்டிவிடும். ரீக்கரின் இளம் வயதில் இதை யாரும் அறியவில்லை. அவர் மனிதப் பிள்ளை பிறப்பதை நினைத்துக்கொண்டு, எங்கோ கிடைத்த குட்டியைத் தலை முன்னால் வருமாறு ஒட்டியிருக்கிறார். பிற்பாடு மற்ற ஊர்களில் நிஜப் பலகைகள் கிடைத்து விஷயம் வெளியானதும், யாரும் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்காதபடி கண்ணாடி போட்டுவிட்டார். ஊரையெல்லாம் திருத்தியவருக்குத் தன் தப்பை மட்டும் திருத்த வழியில்லை.

வீப்கே ஒரு வாரம் தூங்கவில்லை. மூடிவைத்தால் வேலை நிலைக்கும். சொன்னால் ஊரே அடிக்க வரும். அடுத்த திங்கள் கண்ணாடியைக் கழற்றினாள். பஞ்சில் கரைப்பானை நனைத்துக் குட்டியின் ஓரத்தில் தேய்த்தாள். கறுப்புச் சாயம் பஞ்சோடு வந்தது. அடியில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர்.

'ச்ச்.'

முதுகுக்குப் பின்னால் கேட்டது.

திரும்பினாள். நீண்ட காலிக்கூடம். ஜன்னலில் பனி.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது அவளுக்கு. "ஊரையெல்லாம் திருத்தினீங்களே, டாக்டர். இப்ப உங்களை நான் திருத்தறேன்" என்று சத்தமாகச் சொன்னாள். பிளாஸ்டரைச் சுரண்டிக் குட்டியைப் பெயர்த்தெடுத்தாள். தாயின் வயிற்றில் ஒரு குழி மட்டும் மிஞ்சியது.

வால்பர்கா வந்து பார்த்துவிட்டு மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பொய்யைக் காட்டி டிக்கெட் கிழிக்க என்னால ஆகாது, வால்பர்காம்மா. ஷ்டுட்கார்ட்ல இருக்கிற தலைமை மியூசியத்துக்குச் சொல்லிடப் போறேன்."

"சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. ஊரு உங்களை வறுத்துத் திங்கும், அது வேற விஷயம். எனக்கு ஊரைப் பத்திப் பயமில்ல." அவள் குரல் தாழ்ந்தது. "அவருக்கும் திருத்தணும்னுதான் ஆசை. கடைசிக் காலத்துல தெனமும் இங்க நின்னு மொணமொணப்பாரு. சரியான குட்டி ஒண்ணு கெடைக்கலியே, கெடைக்கலியேன்னு."

வீப்கே தன்னையறியாமல் வயிற்றின்மேல் கைவைத்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பலகைக்கு முன்னால் திரை போட்டு மறைத்துவைத்தாள். அதற்கடுத்த திங்கள் காலை கூடத்தில் எண்ணெய் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. பலகைக்குக் கீழே தரையில் புதுக் கல்தூள். குழியின் அடியில், முன்பு வெறும் கல்லாக இருந்த இடத்தில், சின்ன எலும்பு மணிகள் வரிசையாகத் தலைகாட்டின. ஒரு வாலின் நுனி.

கரைப்பானைத் தேய்த்தாள். சாயம் வரவில்லை. நகத்தால் கீறினாள். அசல் எலும்பு.

ஒரு கணம் அவள் மனம் துள்ளியதை மறைப்பதற்கில்லை. பொய்க் குட்டிக்கு அடியில் மெய்க் குட்டி! வேலையும் பிழைக்கும், பெயரும் வரும். ஷ்டுட்கார்ட்டுக்குப் பேச எடுத்த போனைக் கீழே வைத்தாள். யார் சுரண்டினார்கள் என்ற கேள்வியை மட்டும் அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நாமாயிருந்தாலும் கேட்டிருப்போமா தெரியாது.

திங்கள்தோறும் எலும்பு வளர்ந்தது. வால், பிறகு இடுப்பு, பிறகு வளைந்த முதுகு. பூட்டிய பட்டறைக்குள் காற்றூசியின் ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. கல்லைச் சுரண்ட ரீக்கர் பயன்படுத்திய கருவி அது, காற்றழுத்தத்தில் துடிக்கும் எஃகு ஊசி. வால்பர்கா திறந்து காட்டினாள். மின்கம்பி பிடுங்கிச் சுருட்டிவைத்தபடியே இருந்தது. மேசையில் தூசி படிந்திருந்தது. நாற்காலியின் மெத்தை மட்டும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியிருந்தது.

"வீட்டுக்குப் போயிடுங்க. லீவு போடுங்க" என்று கிசுகிசுத்தாள் வால்பர்கா. "இந்த நேரத்துல கல்தூளே ஆகாதும்பாங்க."

"இன்னும் தலை மட்டும்தான் பாக்கி, வால்பர்காம்மா. அதைப் பாத்துட்டுப் போயிடறேன்."

எட்டாம் மாதம். கடைசித் திங்கள். வெளியே நல்ல பகல்தான், ஆனால் பனி ஜன்னலை அடைத்திருந்தது. வீப்கே பலகை முன்னால் நின்றாள்.

ரீங்காரம் தொடங்கியது.

பட்டறையிலிருந்து அல்ல. கல்லுக்குள்ளிருந்து.

கையை வைத்துப் பார்த்தாள். கல் துடிக்கவில்லை.

துடித்தது அவள் வயிறு.

ஊசிமுனை ஒன்று உள்ளே, மிக மெதுவாக, மிகக் கவனமாக ஓரம் சுரண்டுவதுபோல் இருந்தது. கத்த வாய் திறந்தாள். மண்ணெண்ணெய் நாற்றம் வாயெல்லாம் கசந்தது. பின்கழுத்தில் வறண்ட மூச்சு பட்டது, கல்தூள் கலந்த மூச்சு.

'ச்ச்.'

காதோரத்தில் கேட்டது.

"தலை... தப்பு."

உள்ளே பிள்ளை திமிறியது. உதைக்கவில்லை. யாரோ இரண்டு கையால் பிடித்துச் சுற்றுவதுபோல் இழுபட்டது. வீப்கே தரையில் சாய்ந்தாள். ஓடிவந்த வால்பர்கா அவள் மேல்கோட்டைப் பார்த்துவிட்டு அலறினாள். வயிற்றின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, சாம்பல் நிறத்தில் விரித்த கைத்தடங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வால்பர்காவின் காரில்தான் போனார்கள். மலை இறங்கும்வரை வீப்கே வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் அவர்கிட்டச் சொல்லிட்டேன், வால்பர்காம்மா. மனசுக்குள்ள சொல்லிட்டேன். அந்தப் பொய்க் குட்டியையே திரும்ப ஒட்டிடறேன்னு. கண்ணாடியைப் போட்டுடறேன்னு" என்றாள் வீப்கே கடைசியில். அழுதுகொண்டிருந்தாள். ஆராய்ச்சியும் வேண்டாம், உண்மையும் வேண்டாம், பிள்ளை மட்டும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அவரு யாரு சொல்லி எதைக் கேட்டாரு?" என்றாள் வால்பர்கா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டர் இளம்பெண், சிரித்த முகம். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை நகர்த்தினாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"போன தடவை தலை கீழதானே இருந்துச்சு? நல்லா எறங்கியிருந்துச்சே."

"ஆமா."

"இப்பத் தலை மேல போயிடுச்சு. முழுசாச் சுத்திக்கிச்சு. பயப்படாதீங்க, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். என்ன, கால் முதல்ல வர்ற மாதிரி இருக்கு."

வீப்கே திரையைப் பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை மணிகளாக முதுகெலும்பு. அந்த வளைவை அவள் ஒவ்வொரு திங்களும் பார்த்திருக்கிறாள்.

"நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுடலாம்" என்று டாக்டர் ஒலியைக் கூட்டினாள். அறை முழுக்கக் குதிரை ஓடுவதுபோல் சத்தம். பலமாக, ஒழுங்காக.

"பாருங்க, ஜோரா இருக்கு" என்றபடி டாக்டர் துணியால் பசையைத் துடைத்தாள். துணி சாம்பல் நிறமாக வந்தது. மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. டாக்டர் துணியை முகர்ந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

ஒலிபெருக்கியில் துடிப்பு ஒரு கணம் நின்றது. அந்த இடைவெளியில் வேறொரு குரல், நிதானமாக, திருப்தியோடு.

"ச்ச். இப்பச் சரி."