டெக்கைச் சுற்றிக் கள்ளி

"சதக்!"

மண்வெட்டி லூயிஸின் பிடரியில் இறங்கியது. அலற வாய் திறந்தவன் அலறாமலே சரிந்தான்... பலகைகளில் ரத்தம் ஓடியது.

எண்ணூர் கடலோர பங்களாவில், உடைத்த கப்பலின் பலகைகளை வாங்கி வீட்டுக்கு வெளியே ரகுபதி ஆசையாசையாகக் கட்டிய மரத்தளம், டெக், அது! அவனுடைய கள்ளக்கடத்தலைப் போலீஸில் சொல்வேன் என்று மிரட்டிய கூட்டாளி லூயிஸ், இனி யாரிடமும் எதையும் சொல்ல மாட்டான்.

மண்வெட்டியைக் கீழே போட்ட ரகுபதி, எத்திராஜை முறைத்தான். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் காலமெல்லாம் குழி வெட்டுபவன் எத்திராஜ்; பங்களாவின் தோட்ட வேலைக்கும் வருவான்.

"டெக்கு ஓரமா புதைச்சுட்டு, சுத்திலும் செடி வை. அப்புறம் ஒருத்தனும் அங்க மண்ணைக் கிளறக் கூடாது!"

"கள்ளி, கத்தாழை வெக்கட்டா மொதலாளி?"

"எதையாவது வை! தண்ணி ஊத்துற வேலையே இருக்கக் கூடாது!"

"அத்த வுடு. அப்டிப்பட்ட செடி நம்ம கையில கீது!"

ரகுபதி அன்றே பம்பாய்க்கு ரயிலேறினான்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பியவனுக்கு வாசலிலேயே அதிர்ச்சி! இன்ஸ்பெக்டர் தாவூது. பக்கத்தில் லூயிஸின் மனைவி ரோசி.

"லூயிஸா? பார்த்தே ரொம்ப நாளாச்சு சார்!"

தாவூது வீடு முழுக்கத் தேடினார். ஒன்றும் சிக்கவில்லை. ரகுபதிக்கு மூச்சு வந்தது.

"சார்... இங்க வா!"

டெக்கின் ஓரத்தில் ரோசி நின்றிருந்தாள்.

"எல்லாப் பக்கமும் முள்ளு. இங்க மட்டும் இன்னாத்துக்கு நித்திய கல்யாணி? சுடுகாட்டுப் பூவ எவனாவது வூட்ல வெப்பானா? அதுவும்... ஆளு படுத்த நீளத்துக்கு!"

ரகுபதி கீழே பார்த்தான். தலைமாட்டில் ஒரு கொத்து... கால்மாட்டில் ஒரு கொத்து!

ரகுபதியின் இடுப்பிலிருந்த கத்தி பளிச்சிட்டது! ரோசியின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தான்.

"டுமீல்!"

தாவூதின் குண்டு அவன் முழங்காலைப் பிளந்தது. ரகுபதி கள்ளிப் புதரில் குப்புற விழுந்தான். முகமெல்லாம் முள்... முள்ளெல்லாம் ரத்தம்!

மண்ணைத் தோண்டியதும் லூயிஸின் கை தெரிந்தது. ரோசி வீறிட்டாள்.

ஜீப்பில், தோட்டத்திலேயே பிடித்து விலங்கு மாட்டிய எத்திராஜின் பக்கத்தில் ரகுபதியை ஏற்றினார்கள்.

"பாவி! வேற செடியே கிடைக்கலியாடா உனக்கு?"

எத்திராஜுக்குக் கோபம் வந்தது.

"தண்ணி ஊத்தாத செடி நீதான கேட்ட? நம்ம சுடுகாட்ல இத்தினி வருசமா அத்தத்தான் நட்டுகினு வர்றேன். படுத்துகினு கீறவன் எவனும் எந்திரிச்சு வந்து தண்ணி ஊத்துனதில்ல மொதலாளி!"