விநாசித்தம்பியின் மகள்

தங்கை கமலாம்பிகையின் நெற்றியில் பொட்டு வைக்கக் கிட்டே போனபோதுதான் பத்மாவதி அதைப் பார்த்தாள். இடது புருவத்தின் நடுவில் ஒரு அரிசி அகலத்துக்கு மயிர் முளைக்காத வெள்ளைக் கோடு. இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தத் தழும்பு பத்மாவுடையது. சின்ன வயதில் தேங்காய்த் துருவியின் மேல் விழுந்து வாங்கிக்கொண்டது. அப்போது கமலம் பிறக்கவே இல்லை.

ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்து அடுக்குமாடி வீட்டில் அன்று மாலையிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கிய மழை ஜன்னலை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, கீழே பாசார் சந்தையில் மிஞ்சிய மீன் வாடையும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து படியேறி வர, சமையலறையில் ஃபிரிட்ஜ் மட்டும் என்றைக்கும் இல்லாத ஒரு சுழலும் சத்தத்தோடு உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவள் வேறெங்கோ கேட்டிருக்கிறாள். கிளினிக்கில்.

லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். கமலத்துக்கு அங்கேதான் வேலை. பத்மாவின் முழங்கால் வலிக்கென்று அவள்தான் கூட்டிப்போனாள்.

"உன் கையில ரத்தம் எடுத்து மெஷின்ல சுத்த விடுவாங்க அக்கா. சிவப்பு அடியில போயிரும். மேல நிக்கிற மஞ்சத் தண்ணியிலதான் காயம் ஆத்துற சத்து இருக்கு. அத உன் முட்டியிலயே ஊசி போடுவாங்க. வேற யார் ரத்தமும் இல்ல, உன்னோடதுதான் லா."

கமலம் சொல்லிவிட்டால் பத்மாவுக்கு மறுபேச்சு கிடையாது. அம்மா போன பிறகு இவள் ஊட்டி வளர்த்த பிள்ளை. கல்யாணமாகி வந்தபோதும் கூடவே அழைத்து வந்த பிள்ளை.

முதல் தடவை போன அன்று கிளினிக்கில் ஒரே சிரிப்பு. அங்கிருந்த சீன நர்ஸ் அடையாள அட்டையில் இருந்த அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக எண்ணிக்கொண்டு, "விநாசித்தம்பி!" என்று கூவினாள். அப்பா செத்து எத்தனையோ வருஷம். "அப்பாவை இங்க எங்க தேடுறது?" என்று சொல்லிச் சிரித்தபடி அக்காவும் தங்கையும் சேர்ந்தே எழுந்தார்கள்.

பொட்டு விரலோடு நின்ற பத்மாவுக்கு இப்போதுதான் உறைத்தது. வேலை பார்க்கிறவள் ஏன் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தாள்? பிறகு உள்ளேயிருந்து கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு ஏன் வந்தாள்? பல்வலி என்றாள். அதையும் நம்பினாள்.

அதன் பிறகும் மாதாமாதம் ரத்தம் கொடுத்தாள். முழங்கால் ஆறவில்லை. கமலத்தின் முகம்தான் வாழைக்குருத்தாகத் தளதளத்தது. பத்மாவுக்கு அதில் பெருமைகூட. நேற்றுக் கீழ்வீட்டு நூர்ஜான் படியில் பத்மாவை நிறுத்தி, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று கேட்டாள். நூர்ஜானுக்குக் கண் மங்கிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டாள் பத்மா.

"புருவத்துல என்னடி இது?"

கமலம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பேர்தானே கூப்பிடுறாங்க. உன் ரத்த ட்யூப் எனக்கு மாறிப்போச்சு அக்கா."

பத்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. தப்புதானே. மனுஷர் செய்கிற தப்பு. "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எதுக்கு? மொத தடவதான் தப்பா மாறிச்சு."

மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போனது. பெற்ற பிள்ளை செய்திருந்தால்கூட மனசு இப்படி எரிந்திருக்காது.

"உன்னை நான் வளர்த்தேனேடி."

"அதான் அக்கா. உன்கிட்ட மட்டும்தான் கேக்காம எடுத்துக்கலாம்."

அந்தக் குரல். தன் குரல்.

பத்மா புருவத்தைத் தொட்டாள். தழும்பு இல்லை. மறுபடி தடவினாள். புருவமே இல்லை. வழுவழுப்பு. விரல் கீழே இறங்கியது. அதற்குமேல் தடவப் பயமாக இருந்தது.

வாசலில் சாவி திரும்பியது. கணவர் தியாகராஜா. சனிக்கிழமை, கையில் மல்லிகைப் பொட்டலம். அவருக்குத் தெரியும். ஊரே மறந்தாலும் அந்தத் தழும்பைத் தொட்டுத் தொட்டுக் கேலி செய்த மனிதருக்குத் தெரியும். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"என்னங்க..."

அவர் அவளை நேராகப் பார்த்தார். யாரென்று தெரிந்தது அந்தக் கண்ணுக்கு. தெரிந்துதான் தாழ்ந்தது.

மல்லிகையைக் கமலத்தின் தலையில் வைத்தார். பிறகு முழங்கால் வலி நாட்களில் செய்வதுபோலப் பத்மாவைப் பிடித்து, மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்தார். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினார்.

"பயப்படாத," என்றார். "பத்மா வலிக்காமத்தான் எடுப்பா."

ஃபிரிட்ஜ் கதவு திறந்தது. உறுமல் அறைக்குள் வந்தது. கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்தன. கையில் ரப்பர் பட்டை இறுகியது.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

எதிரே அலமாரிக் கண்ணாடியில் தியாகராஜாவும் அவர் மனைவியும் அக்கறையாகக் குனிந்திருந்தார்கள். மனைவியின் இடது புருவத்தில் வெள்ளைக் கோடு. நடுவே நாற்காலியில் பத்மாவின் சேலை உட்கார்ந்திருந்தது. சேலைக்கு மேலே கழுத்து. கழுத்துக்கு மேலே வெறும் தோல். கத்துவதற்கு ஒரு வாயைத் தேடி அந்தத் தோல் உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தது.