ஒரு மாத்திரை மட்டும்

காலை ஆறரை மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இன்ஸ்பெக்டரின் அத்தான் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தார். குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்ட மனிதர்.

"கல்லீரலுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கிருமி தொற்றாம இருக்கத்தான் கூடவே ஆன்டிபயாடிக் கொடுத்தோம். ஒழுங்கா சாப்பிட்டாரா? அதையும் மீறிக் காய்ச்சல்னா நான் மருந்தையே மாத்தணும். தப்பா மாத்தினா உயிருக்கு ஆபத்து" என்றார் டாக்டர்.

அக்கா இரண்டு மாத்திரைகளின் காலி அட்டைகளையும் எடுத்துக் காட்டினாள்.

அப்படியானால் மாத்திரை போலி என்று அவளுடைய தம்பியான இன்ஸ்பெக்டர் முடிவுகட்டினார். எட்டு மணிக்கு மருந்துக்கடைக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது. உங்க அக்கா விவரமாகக் கேட்டுத்தானே வாங்கினார், ஆன்டிபயாடிக்கோடு சரக்குச் சேரலாமா என்றுகூடக் கேட்டார், கூடவே கூடாது என்றேனே என்று கடைக்காரர் புலம்பினார். இன்ஸ்பெக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோதனைக்கு அனுப்ப மிச்சம் மீதி மாத்திரை கிடைக்குமா என்று அக்கா வீட்டுக்குப் போனார். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றது. சல்லடையைக் கழற்றினார். வெள்ளைக் கூழ், நடுவே பாதி கரைந்த நீள மாத்திரைகள். எல்லாம் ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டின் குட்டி மாத்திரை ஒன்றுகூட இல்லை.

அத்தானுக்குச் சமையலறைவரை நடக்கத் தெம்பில்லை. ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் ஏன் கொட்ட வேண்டும்? கடைக்காரர் புலம்பியது அப்போதுதான் உறைத்தது. இன்ஸ்பெக்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பும் வழியில் கடையில் இறங்கி மன்னிப்புக் கேட்டார். காலையில் கூடிய கூட்டம் அப்போது இல்லை.

பத்து மணி. ஆஸ்பத்திரி வராந்தா.

"சரக்கு ஊத்திக் கொடுத்தது நீதானேக்கா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு மூடிதான்னு கையெடுத்துக் கும்பிட்டாருடா. ரெண்டும் சேரக் கூடாதுன்னாரு கடைக்காரர். அந்த மாத்திரை முன்னெச்சரிக்கைக்குத்தான், காப்பாத்தும்னு உறுதியில்லைன்னு டாக்டரே சொல்லியிருந்தாரு."

"அதனால மாத்திரையை விட்டுட்டே. விட வேண்டியது சரக்கைத்தான்க்கா."

வெட்கத்தில் அவள் முகம் கறுத்துவிட்டது. டாக்டரிடம் நீயே சொல்லிவிடு என்று கெஞ்சினாள். தம்பி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே அவள் வாயெடுக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார். "நான்தான் டாக்டர் மாத்திரையைத் துப்பிட்டேன். திருட்டுத்தனமா குடிச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் அக்காவைப் பார்த்தார். குடிகாரன் இப்படிச் செய்தான் என்றால் எவரும் நம்பிவிடுவார்கள்.

"பொய் சொல்றாரு டாக்டர்" என்றாள் அக்கா. "அவரு துப்பல. நான்தான் கொடுக்கல."