முதலாளிக்குக் குளிருது

சங்கரன்கோவிலில் ஒரு குடும்பத்தின் நிம்மதி எட்டு ரூபாய். வாய் உள்ளவர்களுக்கு ஏழரை.

எழுபத்தொன்பதாம் வருஷம், சன்னதித் தெரு நல்லக்கண்ணு கடையில் அதுதான் விலை. வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது, கனவில் பாம்பு துரத்துகிறது, கிணற்றடியில் பாம்புச் சட்டை கிடக்கிறது என்று சிவகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், படம் எடுத்த பாம்பு பதித்த விரல் நீள வெள்ளித் தகடு ஒன்றை வாங்கிக் கோவில் உண்டியலில் போடுவார்கள். பாம்பு போய்விடும். போகாவிட்டால் அடுத்த வருஷம் இன்னொரு தகடு. எப்படிப் பார்த்தாலும் நல்லக்கண்ணுக்கு நஷ்டமில்லை.

நஷ்டம் அவர் மகள் உருவத்தில் வந்தது.

ஆறுமுகத்தாய்க்கு இருபத்திரண்டு வயது. கடையில் பாதி வியாபாரம் அவள் கண்ணாலேயே நடந்தது... கரிய, பெரிய, பேரத்துக்கு மசியாத கண்கள். அந்த ஐப்பசியில் தகடு வாங்க வந்த விவசாயி ஒருவர் கையில் ஒரு சாக்கும் வைத்திருந்தார். உள்ளே மண்வெட்டி பட்ட மண்ணுளிப் பாம்பு. செம்மண் நிறம், முழங்கை நீளம், தலை எது வால் எது என்று சட்டென்று தெரியாத மழுங்கல் உடம்பு. கோவில் பக்கம் விட்டுவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்திருந்தார். இந்த மழையில், இந்தப் புண்ணோடு விட்டால் காக்காய் கொத்தித் தின்றுவிடும் என்றாள் அவள். அப்படியானால் நீயே வைத்துக்கொள் தாயி என்று அவர் சிரித்தார். அவள் வைத்துக்கொண்டாள்.

வேலை ஒன்றும் செய்யாமல், படுத்தே கிடந்து, சாப்பாடு மட்டும் எதிர்பார்த்ததால் அதற்கு முதலாளி என்று பெயர் வைத்தாள். நல்லக்கண்ணு அந்தப் பெயரை ரசிக்கவில்லை.

பாம்பைக் கும்பிடத் தெரிந்தவர்கள் ஊரில் உண்டு, அடிக்கத் தெரிந்தவர்கள் உண்டு... வளர்க்கத் தெரிந்தவர் யார் இருக்கிறார்? அக்கம்பக்கத்தார் பயபக்தியோடு பால் கொண்டுவந்தார்கள். முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. பூனை குடித்துக் கொழுத்தது. அவள் தட்டில் தண்ணீர் வைத்தாள், குடித்தார். பெட்டியில் போட்ட மண் ஈரமாக இருந்தபோது வயிற்றில் கொப்புளம் வந்தது. மணலை வறுத்து ஆறவைத்துப் போட்டாள், வற்றியது. ஆனால் கார்த்திகைக் கூதல் இறங்கியதும் முதலாளி சுருண்டுவிட்டார். தின்ற எலியை அப்படியே கக்கினார். தொட்டால் ஆற்றுக் கல் மாதிரி ஜில்லென்று... அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த உடம்புக்குள் அடுப்பு கிடையாது. சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். வந்தால்தான் இரை செரிக்கும், புண் ஆறும்.

மரப்பெட்டிக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். போய்விட்டது. இன்னொன்று. அதுவும்.

அப்படித்தான் ஒரு மழை மதியத்தில், தாவணித் தலைப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு, ஆள்விட்டுப் பல்பு வாங்கியிருந்த தேரடிப் பக்கத்து எலெக்ட்ரிக் கடையில் ஏறினாள். உள்ளே சங்கரசுப்பு ஒரு ஃபேனைப் பிரித்துப் பரப்பிவிட்டு, பல்லிடுக்கில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மழைத்துளி ஒன்று அவள் இமையில் நின்றுகொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது... திருப்புளி அவன் மடியில் விழுந்தது.

தன் கண்ணுக்கு அந்தப் பலம் உண்டென்று அவளுக்குத் தெரியும். வியாபாரி மகளுக்குத் தன் சரக்கின் மதிப்பு தெரியாமல் இருக்குமா? ஆனால் எதிரே இருந்த கண்கள் இவ்வளவு நேரம் கழித்தும் சிமிட்டவே இல்லையே, அதுதான் அவள் கணக்கில் வராதது.

"அண்ணாச்சி, உங்க பல்பு ரெண்டும் மோசம். மாத்திக் குடுங்க."

"பல்பு மோசமில்ல. எங்கன மாட்டுனிய?"

"பெட்டிக்குள்ள. முதலாளிக்குக் குளிருது."

அவளைத் தகட்டுக் கடையில் பார்த்திருந்த அவன், முதலாளி என்றால் நல்லக்கண்ணுதான் என்று நினைத்து மனதார வருத்தப்பட்டு, பெரியவருக்கு ஒரு கம்பளி வாங்கிக் கொடுக்கலாமே என்றான். அவள் விஷயத்தை விளக்கினாள். அவன் சிரித்தான். சிரித்தான் என்றால், பிரித்துப்போட்ட திருகாணிகள் உருண்டோடும் அளவுக்குச் சிரித்தான்.

"சிரிக்கதுக்குக் காசு கிடையாதுல்லா, நல்லா சிரிங்க. பல்பை மட்டும் மாத்துங்க."

சாயங்காலம் வயரிங் பார்க்க வீட்டுக்கே வந்தான். நல்லக்கண்ணு முன்னிலையில் அவள் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். முதலாளி மணலுக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினார். அடுத்த நொடி சங்கரசுப்பு ஸ்டூல்மேல் நின்றான். எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. இப்போது சிரிப்பது அவள் முறை... வஞ்சனையில்லாமல் சிரித்தாள்.

ஆனால் அந்த ஸ்டூல்மேல் நின்றபடியே அவன் தொழில் பேசினான். சுடுகிற பல்பில் தண்ணீர்ச் சொட்டு பட்டால் போகத்தானே செய்யும்? பல்பு பெட்டிக்கு வெளியே, அடியில் இருக்கட்டும். நடுவில் ஒரு தகரம். மறுநாளே இரண்டு பல்பை ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்துக் கொண்டுவந்தான். முதலில் பெட்டி முழுக்கச் சூடேற்றினார்கள். முதலாளி தவித்துப்போய் மூடியை முட்டினார். ஒரு கோடியில் மட்டும் சூடு இருக்கட்டும், மறுகோடி ஆறிக் கிடக்கட்டும், எது வேண்டுமோ அங்கே அவரே போய்க்கொள்ளட்டும் என்றாள் அவள். அது சரியாக இருந்தது.

"அரை வெளிச்சம்தான் வரும். ஆனா சூடு இருக்கும், லேசுல போகாது" என்றான் அவன். "ஒண்ணு அணைஞ்சா மத்ததும் அணைஞ்சிரும்."

சொன்ன பிறகு எதற்கோ காது சிவந்தான். அவ்வளவு கறுத்த ஆளுக்குக் காது சிவக்குமா? சிவந்ததே... அவள் பார்த்தாளே.

மற்ற பெண்களுக்கு மல்லிகைப் பூ வரும். இவளுக்குச் சங்கரசுப்பு கையில், அரிசி மண்டியிலிருந்து எலிப்பொறி வந்தது, உள்ளே எலியோடு, மேலே தினத்தாள் சுற்றி, மழையில் நனையாமல். இரை எடுத்த முதலாளியைச் சில நாள் தொடக்கூடாது, தொட்டால் கக்கிவிடுவார் என்று அவள் சொல்லுவாள். அவன் பயபக்தியோடு தலையாட்டுவான். இரை எடுக்காத நாளிலும் அவன் தொட்டதில்லை. தூரத்தில் நின்று பெட்டியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்ப்பான். அவளும் பெட்டியைப் பார்ப்பதுபோல...

மார்கழியில் ஒருநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவன் அம்மா சுந்தரம்மாள் காதுக்கு விஷயம் போய்விட்டது. மண்ணுளி நக்கினால் உடம்பெல்லாம் வெள்ளை விழும் என்பது ஊருக்கே தெரிந்தது. அதை வளர்க்கிற கையால் தன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாளாம். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் கேட்டேவிட்டான்.

"விட்டுரு தாயி. கல்யாணம் முடியட்டும். பொறவு பாப்போம்."

கல்யாணம் என்ற வார்த்தை அவர்களுக்கிடையில் அன்றுதான் முதல்முறையாக விழுந்தது. விழுந்த இடம் சரியில்லை.

"புண்ணு இன்னும் ஆறல. இந்தக் கூதல்ல விட்டா செத்துப்போகும்."

"பாம்புதானே..."

"இன்னைக்குப் பாம்புதானேம்பிய. நாளைக்கு என் பேச்சுதானே, என் சிரிப்புதானேம்பிய. ஒவ்வொண்ணா விட்டுட்டு வந்தா, உங்க வீட்டுக்கு வந்து சேருதது யாரு? நானா?" அவள் மூடியை இறக்கினாள். "போங்க அண்ணாச்சி. போயி உங்க அம்மா சேலைக்குப் பின்னால நில்லுங்க."

சில வாரங்களாக அவள் பேச்சில் காணாமல் போயிருந்த அந்த ‘அண்ணாச்சி’ அவன் முகத்தில் அறைந்தது. வந்த வழியே திரும்பிப் போனான்.

அவள் அழுதாளா? அழுதாள். பல்பை மட்டும் அணைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், வியாபாரம் சூடாக இருந்த நேரத்தில், சுந்தரம்மாள் கடைக்கு வந்தாள். கட்டுச்செட்டான உடம்பு, பேரம் பேசியே கூர்மையான மூக்கு. வந்தவள் நல்லக்கண்ணைப் பார்க்கவே இல்லை.

"ஒரு பாம்புத் தகடு எடு. உன் வீட்டுப் பாம்பு ஊரை விட்டுப் போவணும்னு நேர்ந்திருக்கேன்."

எதிரியின் கடையிலேயே வந்து வெடிமருந்து வாங்குகிற துணிச்சல்... ஆறுமுகத்தாய்க்கு அந்த அம்மாளை அந்தக் கணமே பிடித்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"எட்டு ரூவா, அத்தை."

"யாருட்டி உனக்கு அத்தை? ஆறு ரூவா."

"ஆறுக்குத் தேள்தான் வரும். எட்டுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. இங்கன உள்ளது பூரா படம் எடுத்த நல்ல பாம்பு. நீங்க நேர்ந்தது மண்ணுளிக்கு, அதுக்குப் படம் கிடையாது. கால்வலிக்கு நேர்ந்துட்டு கைத்தகடு போட்டா செல்லுமா?"

சுந்தரம்மாள் யோசித்தாள். நேர்ச்சை விஷயத்தில் அவள் கறாரானவள். உருவம் மாறினால் செல்லாது என்பதில் அவளுக்கும் சந்தேகமில்லை. அப்படியானால் மண்ணுளி மாதிரியே ஒன்று அடித்துக் கொடு என்றாள்.

"அடிச்சுத் தாரோம். ஆனா உருவம் பாக்கணும்லா. இருங்க, கொண்டுட்டு வாரேன்."

நல்லக்கண்ணுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மகள் அதற்குள் பின்கட்டு வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். தகடு வாங்க நின்ற கூட்டம் வாசற்படிக்கு இறங்கியது. ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மூடி திறந்தது. சுந்தரம்மாள் ஓரடி பின்வாங்கினாள். பிறகு, வந்தது வந்தாயிற்று என்று எட்டிப் பார்த்தாள்.

"இது என்னட்டி, கொழுக்கட்டை மாதிரி கிடக்கு?"

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சங்கரசுப்பு மூச்சிரைக்க வந்து நின்றான். அவன் முகம் பல நாளாகச் சவரம் காணாதிருந்தது. ஆறுமுகத்தாய் பார்வையைத் தராசுக்குத் திருப்பிக்கொண்டாள்... தராசு ஆடியது.

"ஏலே, பக்கத்துல போகாத. நக்கிரப் போவுது" என்றாள் சுந்தரம்மாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான். தாயியைப் பார்த்தான். ஏறி நிற்க ஸ்டூல் ஏதாவது இருக்கிறதா என்று அவன் கண் ஒருமுறை தேடியது. இல்லை. முன்னால் வந்து, குனிந்து, இத்தனை நாள் ஒரு விரல்கூடத் தொடாத அந்தப் பெட்டிக்குள் கையை வைத்தான்.

முதலாளி அவசரப்படவில்லை. மெல்ல நீண்டார். அவன் மணிக்கட்டுக்கு வந்தார். மெல்லிய நாக்கு வெளியே வந்து தொட்டது. இன்னொருமுறை தொட்டது.

வாசற்படியில் நின்ற கூட்டம் இன்னொரு படி இறங்கியது.

"நக்கிட்டும்மா" என்றான். கையை எடுக்கவில்லை. "உன் பேச்சுப்படி எனக்கு இனி வெள்ளை விழும். ஊருல எவனும் எனக்குப் பொண்ணு தரமாட்டான். ஏற்கெனவே நக்குப்பட்டவ ஒருத்திதான் இருக்கா, அவளைத்தான் கட்டணும். அவ இல்லாட்டி வேண்டாம். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு தாயி. எதையும் விட்டுட்டு வராத. முழுசா வா."

ஆறுமுகத்தாய் சுந்தரம்மாள் முன்னால் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஐப்பசியில இருந்து நக்குது அத்தை. எங்கன வெள்ளை இருக்கு, தேடி எடுங்க."

சுந்தரம்மாள் விட்டாளா? சேலைக்குச் சாயம் போகுமா என்று பார்க்கிற மாதிரி, வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். முழங்கை வரை பார்த்தாள். வழவழப்பான கறுப்புதான் இருந்தது. பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை.

"வளையல் மட்டமான சரக்கு" என்றாள் கடைசியில். "நல்லதா ரெண்டு வாங்கிப் போடணும்." பெட்டிக்கு அடியில் மினுங்கிய வயரைப் பார்த்தவள், இதற்குக் கரண்டு பில்லை யார் கட்டுவது என்று கேட்டாள். உங்கள் மகன்தான் என்றாள் ஆறுமுகத்தாய். தேள்தகடுகூட வாங்காமல், திரும்பிப் பார்க்காமல், படியிறங்கிப் போனாள் சுந்தரம்மாள். போகிற நடையில் கோபம் பாதிதான் இருந்தது.

கை இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"எடுக்கவா?" என்றான் கிசுகிசுப்பாக.

"வெடுக்குன்னு இழுக்காதிய." அவள் தன் உள்ளங்கையை அவன் கைக்கு அடியில் கொடுத்து, பதறாமல் வெளியே தூக்கினாள். தூக்கிய பிறகும் விடவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீங்க வராத நாள்ல நானும் சுருண்டுதான் கிடந்தேன். சாப்பிட்டது எதுவும் ஒட்டல. உங்களைத்தான் பிடிச்சிருக்கு... போதுமா?"

போதாது என்பதுபோல அவன் மறுகையையும் நீட்டினான்.

கடை சாத்தும்போது நல்லக்கண்ணு வாயாலேயே கணக்குப் போட்டார். வரவு, பயந்த மருமகன் ஒருத்தன். பற்று, மகள் ஒருத்தி, பெட்டியும் முதலாளியும் சேர்த்து. கழித்தால் சரியாகத்தான் வருகிறது. சுந்தரம்மாள் நேர்ந்துவிட்டுப் போட்டுத் தீர்க்காத தகடு ஒன்று மட்டும் சாமிக்குப் பாக்கி நிற்கிறது.

நிற்கட்டும், சாமி வந்து கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் மகள்.