அடங்காத தலை

அபாய மணி அலறியது.

ஜெர்மனியின் ஹம் நகரத்து அகதிகள் விடுதியில் இருந்த ஆண்கள் எல்லோரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். நெருப்பு எதுவுமில்லை. சமையலறையில் அலோசியஸ் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்திருந்தான். அந்தப் புகைக்குத்தான் மணி அடித்திருக்கிறது.

விடுதிப் பொறுப்பாளருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, யார் செய்த வேலை என்று கேட்டார்.

பிந்தி வந்த அரியரத்தினம் வரிசைக்கு எதிரே தனியாக நின்றான். குளிர்காற்றில் எங்கிருந்தோ நனைந்த சாக்கின் மணம் வந்தது. சணலும் வியர்வையும் கலந்த மணம். அவன் பார்வை அலோசியஸின் முகத்தில் போய் நின்றது.

தலை ஆடியது.

அவன் ஆட்டவில்லை. தலை தானாக மெல்லத் தாழ்ந்து நிமிர்ந்தது. அந்த அசைவு கழுத்துக்குப் பழகியதுபோல இருந்தது.

“என்ன அண்ணை, மிளகாய்க்கே காட்டிக்குடுக்கிறியள்? ஊரில தலையாட்டி வேலை பாத்தனீங்களோ?” என்றான் அலோசியஸ். வரிசை முழுவதும் சிரித்தது.

அரியரத்தினம் சிரிக்கவில்லை. ஊரில் இலங்கை ராணுவம் சுற்றிவளைத்தால், சாக்கால் முகம் மூடிய தலையாட்டி ஒருவனை ஜீப்பில் இருத்தி, ஆண்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவன் வீடு திரும்பமாட்டான். மனைவி ரஞ்சினியின் தம்பி கோபாலன் அப்படிப் போனவன்தான்.

மத்தியானம் அலோசியஸ் சோற்றுக் கோப்பையில் முகம் புதைத்துக் கிடந்தான். நிமிர்த்தினார்கள். உடம்பு குளிர்ந்திருந்தது.

பல்லிடுக்கில் சணல் நார்கள்.

அன்று மாலையே ரஞ்சினியிடமிருந்து தொலைபேசி. பெர்லினில் வந்திறங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஹம்முக்கு ரயில் ஏறுகிறாள்.

அவளைப் பார்த்தும் தலை ஆடினால்?

அரியரத்தினம் மூளை வைத்தியரிடம் ஓடினான். மொழிபெயர்க்க, விடுதியில் ஜெர்மன் தெரிந்த சிதம்பரம் கூட வந்தார். பச்சை விளக்கு எரிந்தால் தலையாட்ட வேண்டும், சிவப்பு எரிந்தால் அசையக்கூடாது. வைத்தியர் வேகமாக மாற்றி மாற்றி விளக்கைப் போட்டார். அரியரத்தினம் ஒருமுறைகூடத் தவறவில்லை.

“மூளையின்ர முன்பக்கத்திலதான் எங்கட பிறேக் இருக்குதாம்,” என்றார் சிதம்பரம். “நினைச்சதைச் செய்யாமல் அடக்கிறது அதுதானாம். உமக்கு அது புது வாகனம் மாதிரி வேலை செய்யுதாம். போய் நிம்மதியாப் படும்.”

“அப்ப என்ர தலையை ஆட்டுறது ஆர், அண்ணை?”

“கட்டினவள் வாறாளெல்லே. இனி அவள்தான் ஆட்டுவாள்!”

சாக்கு மணத்தது.

அரியரத்தினம் பல்லைக் கடித்தான். மேசையை இறுகப் பிடித்தான். ஆடாதே, ஆடாதே என்று மனதுக்குள் கத்தினான். இரண்டு விளக்கும் அணைந்திருந்தன.

தலை சிதம்பரத்தைப் பார்த்து ஆடியது.

படியிறங்கும்போதே அவர் தொண்டையைப் பிடித்தார். “தம்பி... வாய்க்குள்ள ஏதோ நார்...”

கடைசிப் படியில் விழுந்தவர் எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பகல், ஹம் ரயில் நிலையம். அரியரத்தினத்தின் கழுத்தில் கெட்டியான கழுத்துப் பட்டை. தாடை அசைய இடமில்லாமல் இறுக்கிக் கட்டியிருந்தான்.

ரயில் வந்து நின்றது. சனத்துக்கு நடுவே ரஞ்சினி ஒற்றைப் பையோடு இறங்கினாள்.

அவளோடு அந்த மணமும் இறங்கியது.

கழுத்து நரம்புகள் புடைத்தன. உள்ளேயிருந்து எதுவோ தலையைக் கீழே இழுத்தது. பட்டை தாடையை அறுத்தது. இரத்தம் கசிந்தது.

தலை அசையவில்லை.

அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் பிழைத்துவிட்டாள்.

“தனியவோ வந்தனீர்?” என்று பல்லிடுக்கால் கேட்டான்.

ரஞ்சினி பையைக் கீழே வைத்தாள். அருகில் வந்து அவன் முகத்தையே பார்த்தாள். கண் இமைக்கவில்லை.

பிறகு அவள் தலை மெல்லத் தாழ்ந்தது. மெல்ல நிமிர்ந்தது.

அவன் நாக்கின் அடியில் ஏதோ நார் தட்டுப்பட்டது. துப்பப் பார்த்தான். பட்டை இறுகிய தாடை திறக்கவில்லை.

அவள் அவன் காதோரம் குனிந்தாள்.

“இல்லை, கோபாலனும் கூட வந்தவன். வழி முழுக்க ஒண்டைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். அண்டைக்கு அந்தச் சாக்குக்குள்ள இருந்தது நீங்கள்தானாம்.”