மதியத்துக்கு மேல் கல்லாகும் பிரேக்

தீர்ப்பை முதலில் எழுதிக்கொண்டு, சாட்சியை அப்புறம் தேடி வருகிறவர்களைக் கண்டாலே நிர்மலாவுக்கு அலுப்புத் தட்டும். உத்தனப்பள்ளி சாலையில் பிரேக் வேலை மட்டும் பார்க்கும் பட்டறையை இத்தனை வருஷம் நடத்தியதில், கெட்டுப்போன வண்டிகளைவிட அப்படிப்பட்ட மனிதர்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருந்தாள். அன்று காலை ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து இறங்கிய மூர்த்தியும் அந்த ரகம்தான்.

அவர் சூளகிரித் தக்காளி வியாபாரி. வண்டியைத் தானே ஓட்டி வந்திருந்தார். டிரைவர் எட்சனைப் பின்னால் காலி கிரேட்டுகளோடு உட்கார வைத்திருந்தார். அந்த ஒரு காட்சியிலேயே பாதிக் கதை நிர்மலாவுக்குப் புரிந்துவிட்டது.

“பிரேக் நல்லாத்தான் இருக்குதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்,” என்றார் மூர்த்தி.

“மிச்சம்னா என்னங்க?”

“இவன வேலைய விட்டு நிறுத்திட்டு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். மொதல்ல டீக்கடைப் பந்தல்ல போய் வுட்டான். நேத்து மண்டிச் சுவரு. நாளைக்கு ஆளு மேல ஏத்துவான். கேட்டா பெடலு கல்லு மாதிரி ஆயிடுதுங்கறான். சரின்னு கிருஷ்ணகிரியில குடுத்து பூஸ்டரயே புதுசா மாத்தினேன். அப்பவும் கல்லுதானாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

காலின் அழுத்தத்தோடு இன்ஜினின் உறிஞ்சு பலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் உருண்டை டப்பாதான் பூஸ்டர். அது படுத்துவிட்டால் பிரேக் இருக்கும், ஆனால் முழு பலத்தையும் போட்டு மிதித்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். புதுசு போட்ட பிறகும் அதே புகார் என்றால் சந்தேகம் டிரைவர் மேல் விழுவது இயற்கைதான்.

“எப்ப எப்ப கல்லாவுது?”

“அங்கதான் இருக்குது விஷயம். காலையில ஒரு நாளும் ஆவல. மதியத்துக்கு மேலதான். மதியத்துக்கு மேல என்ன நடக்குதுன்னு நான் வேற சொல்லணுமா?” மூர்த்தி கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார்.

ஆனந்த் அவள் காதருகே குனிந்தான். வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து அவன் இந்தப் பட்டறையில் இருக்கிறான். நாற்பது வயதுக்காரன். ஸ்பேனரைவிட சந்தேகத்தைச் சீக்கிரம் எடுப்பான். “நானும் அதேதாங்க்கா நெனச்சேன்.”

“நெனக்கறத அப்புறம் நெனச்சுக்கலாம். பானட்டத் தொற.”

வெளியே பெயிண்ட் உரிந்து கிடந்த வண்டிக்குள்ளே இன்ஜின் மட்டும் கல்யாண வீட்டுக் குத்துவிளக்காகப் பளபளத்தது. ஓரத்தில் சந்தனப் பொட்டும், காய்ந்த பூச்சரத்தின் நாரும் ஒட்டியிருந்தன. மூர்த்தியின் முகத்தில் முதல்முறையாக மலர்ச்சி தெரிந்தது.

“ஆயுத பூஜைக்கு நானே டீசல் ஊத்திக் கழுவி, கழிவு ஆயில் தடவி வெச்சேன். அதுலயிருந்து வெள்ளிக்கு வெள்ளி என் கையாலயே செய்யறேன். சோறு போடற வண்டிங்க. டிரைவருங்க கையில இதெல்லாம் குடுக்க மாட்டேன்.”

நிர்மலா வண்டியில் ஏறினாள். முழங்கால் வலித்தது. இன்ஜினை அணைத்த நிலையில் பெடல் இறுகும் வரை மிதித்தாள். காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உயிர் பெற்றதும் பெடல் மெல்ல ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பூஸ்டர் சரியாக இருந்தால் அப்படித்தான் இறங்கும். காற்று ஒழுகும் ‘உஸ்’ சத்தமும் இல்லை.

“பாத்தீங்களா?” என்றார் மூர்த்தி. எட்சன் தரையைப் பார்த்தான். முப்பது வயதுதான் இருக்கும். அதற்குள் தோள் தொங்கிவிட்டது.

“தம்பி, கல்லாவறது மொத மிதியிலயேவா?”

“இல்லக்கா. மொத மிதி கேக்குது. ரெண்டாவது, மூணாவது மிதிதான். மண்டி ரோட்ல அடிக்கடி மிதிக்கணும் பாருங்க, அங்கதான் மாட்டிக்கறேன். வண்டிய நிறுத்திக் கொஞ்ச நேரம் போனா சரியாயிடுது. ஆளுங்க வந்து மிதிச்சுப் பாக்கறப்ப நல்லா இருக்குது. எனக்கே இப்பல்லாம் என் காலு மேல சந்தேகம் வந்துடுச்சு.” அவன் குரல் தணிந்தது. “நான் குடிக்கறவன் இல்லக்கா. ஆனா மத்திகிரி வீட்டுல என் சம்சாரம் அனிட்டாவே சாயங்காலம் கதவத் தொறந்ததும் மொதல்ல என் வாய மோந்து பாக்கறா.”

அந்தக் கடைசி வார்த்தை நிர்மலாவைச் சுட்டது. மூர்த்தி கேட்ட ‘ஒரு வார்த்தை’யை இப்போது சொல்லிவிட்டால் இவன் வேலையோடு வீடும் போய்விடும்.

“அக்கா, நடிக்கறான்,” என்று முணுமுணுத்தான் ஆனந்த்.

“பொய் சொல்றவன் பிரேக்கே பிடிக்கலைன்னுதான் சொல்லுவான் ஆனந்த். மொத மிதி கேக்குதுன்னு தனக்கு எதிரா அவனே எதுக்குச் சாட்சி சொல்லணும்?” அவள் மூர்த்தியிடம் திரும்பினாள். “வண்டிய நீங்களே ஓட்டுங்க. லோடு ஏத்திக்கிட்டு ஹைவேல கிருஷ்ணகிரி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வாங்க. நிறுத்தாம வரணும். வந்ததும் இன்ஜின அணைக்காம பின்னால இருக்கற காலி எடத்துக்கு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போனவர், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு திரும்பினார். மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிர்மலா அவர் பக்கத்தில் ஏறி, கைப்பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“மெதுவா ஓட்டுங்க. நான் சொல்றப்ப மிதிங்க. இப்ப.”

வண்டி நின்றது. மூர்த்தி சிரித்தார்.

“கெளப்புங்க. இப்ப. மறுபடியும்.”

மூன்றாவது மிதிக்கு வண்டி நிற்கவில்லை. மூர்த்தி இருக்கையிலிருந்து எழும்பி இரண்டு காலாலும் மிதித்தார். பெடல் அசையவில்லை. எதிரே காம்பவுண்டு சுவர் நெருங்கி வந்தது. நிர்மலா கைப்பிரேக்கை இழுத்தாள். கிரேட்டுகள் கடகடவென்று முன்னால் சரிந்தன.

“கல்லு,” என்றார் மூர்த்தி. முகம் வெளுத்திருந்தது.

“காலையிலயிருந்து டீதான குடிச்சீங்க?” என்றாள் நிர்மலா.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே எல்லோரையும் பானட்டுக்கு முன்னால் கூப்பிட்டாள். “ஆனந்த், பூஸ்டருக்குப் போற ரப்பர் ஹோஸப் பாரு.”

ஆனந்த் குனிந்தான். காலையில் புதுசாகத் தெரிந்த அந்தக் கறுப்புக் குழாய், நடுவில் காலிப் பால் பாக்கெட்டைப் போல ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தது. நிர்மலா இன்ஜினை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் குழாய் மெல்ல உப்பிப் பழைய வடிவத்துக்கு வந்தது.

“அட,” என்றான் ஆனந்த்.

“இது வழியாத்தான் பம்பு பூஸ்டர்லேர்ந்து காத்த உறிஞ்சணும்,” என்றாள் நிர்மலா. களைத்த குரலில், யாரையும் பார்க்காமல் சொன்னாள். “டீசலும் ஆயிலும் ஊறி ரப்பர் உள்ளுக்குள்ள நைஞ்சு போச்சு. காலையில இன்ஜின் ஆறி இருக்கறப்ப வெறைப்பா நிக்குது. மதியத்துக்குள்ள சூடு ஏறினா துவண்டு, அந்த உறிஞ்சலுக்கே உள்பக்கம் ஒட்டிக்குது. பூஸ்டர்ல மிச்சம் இருக்கற பலத்துல மொத மிதி கேக்கும். அதுக்கப்புறம் கல்லு. நிறுத்தினா ஆறிடும், திறந்துக்கும். கிருஷ்ணகிரியில பூஸ்டர மாத்தினவங்க ஹோஸ ஏன் மாத்தல? அது மேல இருந்த பளபளப்பப் பாத்து நல்லதுன்னு விட்டுட்டாங்க. கூடம் நெஜமாவே கோணல்தாங்க. டீசல் ஊத்திக் கழுவினது யாரு?”

மூர்த்தி வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். “பந்தல்ல மோதினதுக்கு அப்புறம்,” என்றார் மெதுவாக, “ஏதோ குத்தம் ஆயிடுச்சுன்னு பயந்து... இன்னும் நல்லாத் தடவினேன் மேடம். ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே தடவினேன்.”

அவர் மேல் கோபப்படக்கூட நிர்மலாவுக்குத் தெம்பு இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமென்றும் சொல்ல முடியவில்லை, வெறும் பக்திதான்.

ஆனந்த் புது ஹோஸை மாட்டினான். கழற்றிப் போட்ட பழையதை எட்சன் எடுத்துத் துணியால் துடைத்துச் சாப்பாட்டுப் பையில் வைத்தான்.

“அது எதுக்குப்பா?”

“அனிட்டாகிட்ட காட்டணும்க்கா.”

நிர்மலா சொல்லத்தான் வேண்டியிருந்தது. “மத்திகிரி போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிடும் தம்பி. ஆறினா அது நல்ல ஹோஸ்தான். அதப் பாத்து அவ என்னத்த நம்புவா?”

எட்சன் பையைப் பிடித்தபடி நின்றான். மண்டியில் அத்தனை பேர் முன்னால் நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நிர்மலாவுக்குத் தோன்றியது.

மூர்த்தி சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். பிறகு சுற்றிப் போய், காலையில் அவனை ஏற்றிவந்த பின்பக்கத்தில் கிரேட்டுகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார்.

“மொதல்ல மத்திகிரிக்கு விடு எட்சா,” என்றார். “உன் வீட்டுல நான் வந்து சொல்றேன்.”